ஊர் மனசு மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: மேடம், நான் தென் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியைச் சேர்ந்தவன். ஊரில் பெரும்பான்மையாக இருக்கிற சாதிதான் எங்களுடையது. பல வருஷம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அப்பா காலமான பிறகு குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்களுக்கு இரண்டு கடைகள் உண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒன்றில் சலூன் நடக்கிறது. காலனி ஆட்களுக்கு அங்கே முடி வெட்டுவதில்லை, அவர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார்கள். டீக்கடையில் முன்பு இரட்டைக் குவளை இருந்தது. இப்போது எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவர்களுக்கு பேப்பர் கப். பங்குனிப் பொங்கலுக்கு அவர்களிடம் வரி வாங்குவதில்லை. போன மாதம் நாலாவது படிக்கும் என் மகள், காலனியிலிருந்து வரும் தோழியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அம்மா அந்தப் பிள்ளையைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ராத்திரி மகள் "அவளுக்கு மட்டும் ஏம்ப்பா டம்ளர் இல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் "காலம் மாறினா தானா மாறும், நீ கிளறாதே" என்கிறார்கள். சலூன்காரரோ "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, வெட்டினா உங்க ஆளுங்க வரமாட்டாங்க" என்கிறார். அவரைக் காலி பண்ணச் சொல்லிவிடலாமா? இல்லை எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விடலாமா? இந்த ஊர் மாறுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

மாறும். ஆனால் உங்கள் பெரியவர்கள் சொல்கிற மாதிரி தானாக மாறாது. தானாக விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர் டீக்கடையே காட்டுகிறது. இரட்டைக் குவளை போய்விட்டது, பேப்பர் கப் வந்துவிட்டது. கேஸ் வரும் என்று பயம் வந்ததும் குவளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள், பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வழக்கு விஷயமாக இந்த மாதிரி கடைகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆள் தெருமுனையில் திரும்பும்போதே டீ மாஸ்டரின் கை கிளாஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு பேப்பர் கப் அடுக்குக்குப் போய்விடும், வருகிறவரும் கேட்காமலே கப்பை வாங்கிக்கொண்டு வெளியே போய் நிற்பார், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். காலம் அது பாட்டுக்கு ஓடினால் இந்த மௌனம் இன்னும் பழகிப்போகும், அவ்வளவுதான்.

நான் வக்கீல், மனசை அளக்கிற தொழில் என்னுடையதில்லை. வன்கொடுமை வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நான் பார்த்த ஊர்களில் எல்லாம் முதலில் மாறியது நடைமுறைதான். மனசு அதற்குப் பின்னால், சில இடங்களில் ரொம்பப் பின்னால், சில பேருக்கு வராமலே போய்விட்டது. நீங்கள் எல்லோருடைய மனசும் மாறட்டும் என்று உட்கார்ந்தால் உங்கள் மகளுக்குக் கல்யாண வயசு வந்துவிடும். சலூன் நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை மாற்ற அவ்வளவு காலம் தேவையில்லை.

உத்தப்புரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மதுரை மாவட்டம். 1989 கலவரத்துக்குப் பிறகு தலித் தெருக்களைப் பிரித்து சுமார் 600 மீட்டருக்குச் சுவர் எழுப்பினார்கள். ஏறத்தாழ இருபது வருஷம் அது நின்றது. அந்த ஊரில் பெரியவர்கள் இல்லாமல் இல்லை, காலமும் நிற்காமல்தான் ஓடியது, ஆனால் சுவர் அசையவில்லை. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், 2008 மே மாதம் அரசு நிர்வாகம் சுவரில் சுமார் 15 அடியை இடித்துப் பாதை விட்டது. உடனே ஊர் திருந்திவிட்டதா என்றால் இல்லை. சுவர் கட்டிய தரப்பார் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலிசெய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் கலவரம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் ஒரு தலித் செத்தார். அதற்கெல்லாம் பிறகு 2011 அக்டோபரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதோடு சுபம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் பின்னால் திருவிழாவை ஒட்டி மறுபடி தகராறு வந்தது, கோயில் பூட்டிக் கிடந்த காலமும் உண்டு. இதை உங்களை பயமுறுத்தச் சொல்லவில்லை. ஊர் மாறுவது என்பது ஒரே நாளில் நடக்கிற சங்கதி இல்லை, இரண்டு அடி முன்னால் போய் ஒரு அடி பின்னால் வரும். அந்த ஒரு அடி பின்னால் வருகிறபோதுதான் நிறையப் பேர் "நான் அப்பவே சொன்னேன்ல, இந்த ஊர் திருந்தாது" என்று கையைக் கழுவிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். 1996-இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடத்தவே முடியவில்லை. மனு போட ஆளிருக்காது, போட்டு ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. எல்லோரும் அந்த ஊர்களைக் கைவிட்டுவிட்டார்கள், இனி நடக்காது என்று. 2006-இல் நடந்தது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊருக்கே போய் இரண்டு தரப்புப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசினார், இந்தத் தடவை அரசு பின்வாங்காது என்பதும் எல்லோருக்கும் புரிந்துபோனது. தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷம் முரண்டு பிடித்தவர்கள் ஒரே மாதத்தில் மனம் திருந்திவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. இனி முரண்டு பிடித்தால் நஷ்டம் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எனக்குப் போதும். தலித் தலைவர் கையெழுத்துப் போட்டு அவர்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தால், அடுத்த தலைமுறைக்கு அது சாதாரண விஷயமாகிவிடும்.

அதே 1996-இல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் என்ன நடந்தது என்பதையும் மறக்காதீர்கள். தலைவராக வென்ற முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கிளறினால் யாருக்கு வெட்டு விழும் என்பதை இது காட்டுகிறது, அதனால்தான் உங்களுக்கு நான் சொல்லப்போகிற முதல் ஆலோசனை சட்டம் சம்பந்தப்பட்டதே இல்லை.

எதையும் செய்வதற்கு முன்னால் காலனி மக்களிடம் போய்க் கேளுங்கள். நீங்கள் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்வீர்கள், உங்கள் சித்தப்பாமார் உங்களை ஒன்றும் செய்ய முடியாமல் கோபத்தை அங்கே போய்க் காட்டுவார்கள். மறுநாள் காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கடையில் கடன் கிடைக்காது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் எங்கள் வரப்பில் கால் வைக்காதே என்பார்கள். அந்த விலையைக் கொடுக்கப்போகிறவர்களுக்குத்தான் எப்போது, எதை, எந்த அளவுக்கு என்று சொல்லும் உரிமை உண்டு. அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், நீங்கள் போங்கள். உங்கள் மகளின் தோழி வீட்டுக்கே முதலில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நடந்ததற்கு அந்தப் பெற்றோரிடம் வருத்தம் தெரிவியுங்கள், சுற்றி வளைக்காமல். திண்ணையில் என்ன நடந்தது என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே புரிந்திருக்கும், வீட்டில் சொல்லியிருக்கும், அவர்களும் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அவர்கள் டீ கொடுத்தால் குடியுங்கள். அவர்கள் "இப்போதைக்கு வேண்டாம், எங்க பையன் பிளஸ் டூ முடிக்கட்டும்" என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சலூன் விஷயத்தைவிடச் சுடுகாட்டுப் பாதைதான் அவர்களுக்கு அவசரம் என்று தெரியவரலாம். நிறைய ஊர்களில் அப்படித்தான், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு உறுத்துவது ஒன்று, அங்கே வாழ்கிறவர்களை அன்றாடம் அறுப்பது இன்னொன்று.

இப்போது சலூன். காலி பண்ணச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. உங்கள் ஊரில் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அவரும் அந்த ஊருக்கு ஊழியம் செய்யவைக்கப்பட்ட சாதியில் பிறந்தவராகத்தான் அநேகமாக இருப்பார், அவர் அப்பா காலத்தில் வீடு வீடாகப் போய் வெட்டிவிட்டு அறுப்புக்கு அறுப்பு நெல் வாங்கியிருப்பார்கள். விதியைப் போட்டது உங்கள் ஆட்கள், அதை மீறினால் பட்டினி கிடக்கப் போகிறவர் அவர். அவரைத் துரத்துவதால் உங்கள் கோபம் தீரும், அடுத்து வருகிற ஆளும் இதையேதான் செய்வார்.

கேரளத்தில் மூணாறுக்கு அந்தப் பக்கம் வட்டவடை என்று ஒரு ஊர், நம் எல்லையை ஒட்டி இருக்கிறது, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அங்கேயும் சக்கிலியர் மக்களுக்கு முடி வெட்ட மாட்டோம் என்று சலூன்களில் மறுத்தார்கள். பஞ்சாயத்து தலையிட்டு, பாகுபாடு பார்க்கிற கடை நடக்கக் கூடாது என்று மூட வைத்தது, பிறகு 2020 செப்டம்பரில் பஞ்சாயத்தே ஒரு பொதுச் சலூனைத் திறந்தது, சட்டமன்ற உறுப்பினர் வந்து திறந்துவைத்தார். எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், "தயவுசெய்து மாறுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருக்காமல், எல்லோரும் உட்காரக்கூடிய ஒரு நாற்காலியை ஊர் நடுவில் போட்டுவிட்டார்கள்.

உங்களிடம் பஞ்சாயத்து இல்லை, ஆனால் கட்டடம் இருக்கிறது. 2017-இல் போட்ட வாடகைச் சட்டப்படி (நடைமுறைக்கு வந்தது 2019) வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அப்பா காலத்து வாய்வார்த்தைதான் இப்போதும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அதை இந்தச் சாக்கில் முறைப்படுத்துங்கள். அதில் "இக்கடைக்கு வரும் எவருக்கும் சாதி பார்த்துச் சேவை மறுக்கக் கூடாது" என்று ஒரு வரி சேருங்கள், இரண்டு கடைகளுக்கும். அந்த வரியை அவர் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கவிடாதீர்கள், அவர் கையில் கேடயமாகக் கொடுங்கள். உங்கள் பங்காளிகள் வந்து சத்தம் போட்டால் அவர் சொல்லலாம்: "ஓனர் எழுதி வாங்கிட்டாருண்ணே, நான் என்ன பண்ண, போய் அவரைக் கேளுங்க." கோபம் உங்களிடம் வரும். வரட்டும், அதைத் தாங்குகிற இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். வாடிக்கை குறைந்தால் வாடகையில் சில மாதத்துக்கு விட்டுக்கொடுங்கள். உங்கள் வயசுப் பையன்கள், வெளியூரில் படித்துவிட்டு வந்தவர்கள், உங்களைப் போலவே உள்ளுக்குள் கூசிக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள் ஐந்தாறு பேராவது ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வாக்கு வாங்குங்கள்: காலனியிலிருந்து முதல் ஆள் வந்து உட்கார்ந்த வாரத்தில் நாங்களும் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வோம், அதே நாற்காலியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சாதிப் பையன்கள் பெஞ்சில் காத்திருக்க, நாற்காலியில் காலனிப் பையன் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணி போட்டிருப்பதை ஊர் பார்த்தால், அதற்குப் பிறகு "யாரும் வரமாட்டாங்க" என்ற பயம் பாதியாகக் குறைந்துவிடும். சலூன்காரர் கடையை மூடாமல் நடத்துகிறார் என்பதே மற்றவர்களுக்குச் சேதி.

டீக்கடைக்காரரிடமும் தனியாகப் போய்ப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். எல்லோருக்கும் கிளாஸ், இல்லை எல்லோருக்கும் கப். அவ்வளவுதான் பேச்சு.

சட்டம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, பல்லோடு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தீண்டாமை பார்த்துக் கடையில் சேவை மறுப்பது குற்றம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. அதில் கடைக்குள், கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுப்பது, பொதுச் சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, வேலை கொடுக்காமல் பொருள் விற்காமல் ஒதுக்கிவைப்பது எல்லாம் தனித்தனிக் குற்றங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை தண்டனை. கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு, இதை ஸ்டேஷனில் நிதானமாக ஒரு தடவை ஞாபகப்படுத்தினாலே மனுவுக்கு ரசீது கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். காலனி மக்கள் புகார் கொடுப்பது என்று முடிவெடுத்தால், 14566 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம். கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி, அங்கேயும் மனுவைக் கொண்டுபோகலாம்.

அந்தக் கட்டத்தில் உங்களால் ஆகக்கூடிய மிகப் பெரிய உதவி சாட்சி சொல்வதுதான். இந்த வழக்குகள் எதில் தோற்கின்றன தெரியுமா? பாதிக்கப்பட்டவர் சொல்வார், அவர் சொந்தக்காரர் சொல்வார், வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தானே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், இல்லை, நான் அதே சாதிக்காரன், என் கண்ணால் தினம் பார்க்கிறேன் என்று கூண்டில் ஏறிச் சொல்கிற ஒரு ஆள் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். அப்படி ஒருவர் வந்த வழக்குகளில் நீதிமன்றத்தில் இருக்கிற காற்றே வேறு மாதிரி ஆகிவிடும். அதற்கு நீங்கள் தயாரா என்று இப்போதே மனைவியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஏனென்றால் காதுகுத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், துக்க வீட்டில் பேச மாட்டார்கள், அந்த ஒதுக்கலை உங்களைவிட அதிகம் அனுபவிக்கப் போகிறவர் அவர்தான்.

அம்மா விஷயம். அவரிடம் வாதாடாதீர்கள், எழுபது வருஷப் பழக்கத்தை நீங்கள் ஒரு சாயங்காலத்தில் பேசித் தீர்க்க முடியாது. அவர் மேல் இருக்கிற பாசத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு தடவை, கோபமில்லாமல், "இனி நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க யாரா இருந்தாலும் உள்ளே வந்துதாம்மா உட்காரும்" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை வரும்போது நீங்களே எழுந்து போய், உங்கள் மகள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார். போகட்டும். மகள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடாதீர்கள். அப்பத்தா செய்தது தப்பு, அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்டார்கள், நாம் அப்படிச் செய்ய மாட்டோம் என்று சொன்னால் ஒன்பது வயசுக்குப் புரியும். நீங்கள் சொல்லாமல் விட்டால் பள்ளிக்கூடத்தில் கையில் சாதிக்கு ஒரு கலர்க் கயிறு கட்டிக்கொண்டு திரிகிற பெரிய பையன்கள் வேறு விளக்கம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், உயிருக்கு ஆபத்து என்று வந்தால் யோசிக்காமல் போங்கள். இதிலிருந்து தப்பிப்பதற்காக என்றால் பிரயோஜனம் இல்லை. 2018-இல் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண் ஒருவரைச் சமைக்கவிடக் கூடாது என்று பெற்றோர்கள் பள்ளியையே பூட்டிப் போராடியது அதே திருப்பூர் மாவட்டத்தில்தான். அங்கே நீங்கள் குடித்தனக்காரர், பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்து போவீர்கள். இங்கே உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது, நிலம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது.

கடைசியாகப் பங்குனி வரி. கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் மறுத்தால் சாமி குத்தம், ஊர்க் கட்டுப்பாட்டை மீறினான் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். வரி வாங்காமல் விடுவதற்குக் காரணமே, வாங்கினால் முதல் மரியாதையிலிருந்து தேர் வடம் வரைக்கும் பங்கு கேட்பார்கள் என்பதுதான். அதனால் காலனிப் பெரியவர்களிடம் பேசி, அவர்களுக்கும் சம்மதம் என்றால் மட்டும், வரி நிர்ணயிக்கிற கூட்டத்துக்கு முன்பே விழாக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்: எல்லாத் தெருவுக்கும் தலைக்கட்டு வரி போட வேண்டும், என் வரியையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. உங்களோடு அந்த ஐந்தாறு பையன்களும் கையெழுத்துப் போடட்டும். நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் கோட்டாட்சியருக்கும், கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்தது என்றால் அங்கேயும் அனுப்பிவிடுங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இந்த வருஷம் நிராகரிப்பார்கள். அடுத்த பங்குனிக்கு முன்னால் கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டுகிற நிலை வந்தால் மேஜையில் முதலில் விரியப்போவது அந்த மனுதான். வாடகை ஒப்பந்த வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், கடைகளின் பத்திர நகல்களை அனுப்பிவையுங்கள்.